ஒன்றும் போடாத பாத்தி

பொம்மிடி ரயில் நிலையத்திலிருந்து மலையைப் பார்த்துப் போகிற சாலையில் எங்கள் பண்ணை இருக்கிறது. மண்ணைக் கெடுக்காமல் விவசாயம் செய்வது எப்படி என்று பல்கலைக்கழக மாணவர்கள் கையால் செய்து கற்றுக்கொள்வதற்கான பண்ணை. அவர்கள் பேருந்தில் வந்து இறங்குவார்கள். மண்புழு உரக் கொட்டகையின் முன்னால் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சாயங்காலம் போய்விடுவார்கள். நான் மட்டும் அங்கேயே இருப்பேன். எனக்குப் பண்ணைப் பொறுப்பாளர் என்று பெயர். அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு அறை உள்ள ஒரு வீடு கொடுத்திருந்தார்கள்.

கணவரும் நானும் பிரிந்த வருடம்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். வேறு யாரும் கேட்காததால் கேட்டவுடன் கிடைத்தது. வந்த புதிதில் உடன் வேலை பார்த்தவர்கள் போனில் விசாரித்தார்கள். "தனியா இருக்கிறது கஷ்டமா இல்லையா?" என்று கேட்பார்கள். "நிம்மதியா இருக்கு" என்று ஒரே பதிலை எல்லோருக்கும் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னால் யார்தான் மறுபடி கேட்பார்கள்? மெல்ல மெல்ல விசாரிப்பு நின்றது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தம்பி கூப்பிடுவான். மற்ற நாட்களில் போன் அடித்தால் அது கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனியாக இருக்கும். அப்படிக் கூப்பிட்ட ஒரு பெண்ணிடம் ஒருநாள் மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள் நான். சின்ன வயதிலேயே அப்படித்தான். பந்தியில் சாம்பார் வேண்டுமென்றால்கூட வாளி என் பக்கம் வரட்டும் என்று காத்திருப்பேன். வராமல் போனால் வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். இதைப் பெரிய குணம் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த முதல் வருடமே ஒரு சோதனையை ஆரம்பித்தேன். சாலையோரத்து மேட்டு நிலத்தில் பன்னிரண்டு பாத்திகள். நான்கு பாத்திக்குத் தொழுவுரம், நான்குக்குக் கடையில் வாங்குகிற ரசாயன உரம், மீதி நான்குக்கு ஒன்றும் கிடையாது. பன்னிரண்டிலும் ஒரே கேழ்வரகு விதை, ஒரே நாளில் விதைப்பு, அறுவடைக்குப் பின் எல்லாவற்றிலும் கொள்ளு. ஒன்றும் போடாத நான்கும் ஒரே இடத்தில் இல்லாமல் மற்றவற்றின் நடுவே சிதறிக் கிடந்தன. அடையாளத்துக்காக அவற்றின் மூலையில் வெள்ளை பெயிண்ட் அடித்த முளைக்குச்சியை நட்டுவைத்தேன்.

ஒவ்வொரு வருடமும் புது மாணவர்களை அந்த வெள்ளைக் குச்சியின் அருகில் நிறுத்தி ஒரே பாடத்தைத்தான் சொல்வேன். "இது ஒண்ணும் போடாத பாத்தி. இதுக்கு நாம எதையும் தரமாட்டோம். தராம விட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சாதான், தந்ததால என்ன ஆச்சுன்னு தெரியும்." சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பேன். வகுப்பில் சிரிப்பதற்கென்று வைத்திருந்த சிரிப்பு அது. அப்போது பக்கத்துப் பாத்தியில் களை எடுக்கிற பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

முதல் இரண்டு வருடம் அந்த நான்கு பாத்திகளும் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடந்துகொண்டன. பயிர் வெளிறியது, கதிர் சிறுத்தது. மூன்றாம் வருடம் சரிவு நின்றது. நான்காம் வருடம் கதிர் கொஞ்சம் தடித்தது. மண்ணை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மண்ணில் மக்குச்சத்து கூடியிருந்தது. நம்பாமல் மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதேதான் வந்தது.

அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கொள்ளுப் பயிரை மட்டும் மாற்றி மாற்றி விதைத்தால் போதும், எரு இல்லாமலே மண் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் என்று முடிவுக்கு வந்துவிட்டேன். ஆடுமாடு இல்லாத எத்தனை ஏழை விவசாயிக்கு இது பயன்படும்! பெரிய பத்திரிகையில் கட்டுரை வரும், பெயர் வரும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். அதெல்லாம் வெளியே சொல்லத் தகுந்த காரணங்கள். உள்ளே இருந்த காரணம் வேறு. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் அந்த நான்கில் ஏதாவது ஒன்றின் வரப்பில் போய் உட்காருவேன். யாரும் எதுவும் தராத மண் இது, பார், எப்படித் தேறி நிற்கிறது என்று சொல்லிக்கொள்வேன். என்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டேன்.

அந்த வருடங்களில் நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். காலை ஏழரைக்கு நான் பண்ணையைச் சுற்றப் போவேன். ஒன்பது மணிக்கு டிபன் சாப்பிட வீட்டுக்கு வந்தால், சில நாட்களில் சமையலறை ஜன்னல் திட்டில் தேக்கிலையில் மடித்து ஏதாவது இருக்கும். அவித்த வேர்க்கடலையோ, முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையோ, மொச்சைச் சுண்டலோ இருக்கும். ஒரு பருவத்தில் சீத்தாப்பழம் வரும். வாரத்தில் இரண்டு நாளாவது இப்படி நடக்கும். யார் வைத்தது என்று நான் கேட்டதில்லை. வாசல் காவலர் வைக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒருநாள் அவரிடம் "அடை நல்லா இருந்துச்சு" என்றேன். அவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுகிற மனிதர். அத்தோடு அந்த விஷயத்தை மறந்துவிட்டு வந்ததைத் தின்றுகொண்டிருந்தேன்.

எட்டாம் வருடம் பல்கலைக்கழகத் தலைமையிடத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். என் சோதனை முடிவுகளைப் பெரியவர்கள் முன்னால் சொல்லவேண்டும். அவர்களுக்குப் பிடித்திருந்தால் இதையே மற்றப் பண்ணைகளிலும் செய்வார்கள். முகத்துக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு, இஸ்திரி போட்ட புடவையில் காலையிலேயே பொம்மிடிக்குக் கிளம்பினேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் மண் மாதிரிப் பொட்டலங்களை மேஜையிலேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. கூட்டம் மறுநாள்தான், மத்தியானம் இன்னொரு ரயிலும் இருந்தது. ஆட்டோ பிடித்துத் திரும்பினேன்.

பண்ணை வாசலில் இறங்கும்போது பத்து மணி இருக்கும். பாத்திகளின் வழியாக நடந்தேன். வெள்ளைக் குச்சியின் அருகே ஒரு பெண் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு பழைய அரிசிப் பை. அதிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பாத்தியில் தூவி, மேல் மண்ணைக் கிளறி மூடிக்கொண்டிருந்தார். தூவியது ஆட்டுப் புழுக்கை.

அவர் எங்கள் பண்ணையில் தினக்கூலிக்கு வருகிறவர்களில் ஒருவர். என் வயதுதான் இருக்கும். சித்தேரி மலையில் பிறந்து, அடிவாரத்தில் வாக்கப்பட்டு, பண்ணைக்குப் பின்புறம் உள்ள ஊரில் குடியிருந்தார். நான் வந்த நாளிலிருந்து வேலைக்கு வருகிறார். எட்டு வருடத்தில் "அந்தப் பக்கம் களை இருக்கு பாருங்க" என்பதற்கு மேல் அவரோடு நான் பேசியதாக நினைவில்லை.

"என்ன செய்றீங்க?" என்றேன். குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். ஆனால் பொய் சொல்லவில்லை. "கொஞ்சூண்டு எரு போட்டேங்க மேடம்."

"எத்தனை நாளா?"

யோசித்தார். "நீங்க ஊருக்குப் போற நாள்ல மட்டுந்தாங்க. மூணாம் வருசத்துலருந்து."

"நாலு பாத்திக்குமா?"

"நாலுக்குந்தான். ஒண்ணுக்குப் போட்டு ஒண்ண வுட்டா நல்லா இருக்குமுங்களா?"

எனக்குக் கண் இருட்டியது. பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, அந்த வெள்ளைக் குச்சியைத் தவிர.

பண்ணை எருவைத் திருடியதாக நான் நினைக்கிறேன் என்று அவர் பயந்துவிட்டார். "பண்ணை எருவுல கை வெக்கலீங்க மேடம். அது நிறுத்துப் போடறது, எனக்குத் தெரியாதுங்களா? இது எங்க வூட்டு ஆட்டுப் புழுக்கதான். வூட்லருந்து தூக்கியாந்தேன்."

"யார் உங்களைப் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க." பிறகு பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க மலையில ஆடுமாடு இல்லாதவங்க வூட்டு நெலம் பக்கத்துல இருந்தா, நம்ம நெலத்துக்கு எரு அடிக்கறப்ப அதுக்கும் ரெண்டு கூடை போட்டுட்டுத்தான் வருவோம். அத வெறுமன வுட்டுட்டு வர மாட்டோம். இங்க அந்தப் பக்கமும் போடறோம், இந்தப் பக்கமும் போடறோம், நடுவுல இது மட்டும் பாத்துக்கினே கெடக்குது. நீங்களும் வருசா வருசம் புள்ளைங்களக் கூட்டியாந்து, இதுக்கு ஒண்ணியும் தரமாட்டோம்னு சிரிச்சிக்கினே சொல்றீங்க. எனக்கு மனசு கேக்கலீங்க."

வாய்க்கு வந்தபடி கத்தினேன். நான் கோபக்காரி என்று பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் பேசியது கோபத்தில் சேர்த்தி இல்லை. எட்டு வருட உழைப்பு என்றேன். என் வாழ்க்கையே போச்சு என்றேன். படிக்காதவங்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே தப்பு என்று தெரிந்தது, இருந்தும் சொல்லி முடித்தேன். மற்றப் பெண்கள் களைக்கொத்தோடு தூரத்தில் நின்று பார்த்தார்கள். அவர் அரிசிப் பையின் வாயைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு போனார்.

மத்தியான ரயிலுக்கு மறுபடி பொம்மிடி போனேன். பிளாட்பாரத்தில் மடியில் மண் பொட்டலங்கள். ஒரு விஷயம் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தூரத்தில் நின்ற பெண்களுக்கு நான் எதற்குக் கத்தினேன் என்று புரிந்திருக்காது. பேசாமல் போய்ப் படங்களைக் காட்டி, கைதட்டு வாங்கிக்கொண்டு வரலாம். ரயில் வந்து நிற்கும்வரை அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆடு இல்லாத ஒரு விவசாயி என் பேச்சைக் கேட்டு, எரு போடாமல் கொள்ளுப் பயிரை மட்டும் விதைத்துவிட்டு மூன்று வருடம் காத்திருப்பான். அவன் நிலம் தேறாது. அவனுக்கு நான் என்ன சொல்வேன்?

கூட்டத்தில் என் முறை வந்தபோது எழுந்து நின்று, "வெள்ளைக் குச்சி பாத்திகளின் முடிவுகளைத் தள்ளிவிடுங்கள். அவற்றுக்கு எரு போடப்பட்டிருக்கிறது. கவனிக்காமல் விட்டது என் தவறு" என்றேன். யார் போட்டது என்று கேட்டார்கள். "பொறுப்பு என்னுடையது" என்று மட்டும் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், எட்டு வருடமாகப் பண்ணையிலேயே குடியிருந்து இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். புதிதாக ஆரம்பிக்கலாமா என்று யாரோ கேட்க, நான் ஓய்வு பெறுவதற்குள் அது முடியாது என்று அவர்களே பதில் சொல்லிக்கொண்டார்கள். சோதனையை மூடிவிட்டு, வரப்பை எடுத்து ஒரே நிலமாக உழுதுவிடச் சொன்னார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்த மறுநாள் காலை, வழக்கம்போலச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஜன்னல் திட்டில் ஒன்றும் இல்லை. அதைக் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் இல்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் வாரம், தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இத்தனை வருடமும் அதை வைத்தது யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எட்டு வருடமாக நான் தனியாகத் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் தினமும் வேலைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். என்னைக் கண்டால் வணக்கம் வைப்பார், குனிந்துகொள்வார். என்னால் போய்ப் பேச முடியவில்லை. என்ன சொல்லி ஆரம்பிப்பது? டிராக்டர் வந்து வரப்பை உடைத்து, பன்னிரண்டு பாத்தியையும் ஒன்றாக உழுதது. வெள்ளைக் குச்சிகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்கள். அதற்கும் அவர்தான் வந்திருந்தார். நான் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் ஒரு முழு நாள் போனாலும் என் குரலை நானே கேட்காமல் இருந்திருக்கிறேன். வெறுமை என்றால் என்ன என்று எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அதுவரை யாரோ இரண்டு கூடை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பெண்கள் புங்க மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் எப்போதும் அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறவள். அன்றைக்கு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தேன். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழப் போனார்கள். "உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் ஏதோ சாக்குச் சொல்லிக் கைகழுவப் போய்விட்டார்கள்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. படிக்காதவங்கன்னு சொன்னது பெரிய தப்பு" என்றேன்.

"பரவால்லீங்க மேடம். உங்களுக்கு நட்டம் வந்துடுச்சி. கோவம் வரத்தான் செய்யும்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அது பரிட்சன்னு எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"ஜன்னல்ல வெச்சது நீங்கதானே?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ம்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேணாம்னுடுவீங்க."

உண்மைதான். நான் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மரியாதையாக, வகுப்புச் சிரிப்போடு சொல்லியிருப்பேன்.

"எதுக்கு வெச்சீங்க?"

அவருக்கு அது கேள்வியாகவே படவில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வூட்டுக்கு ஒருத்தரும் வரதில்ல, போறதில்ல. தீவாளிக்குக்கூட வெளக்கு எரியறது மட்டுந்தான் தெரியுது. ஒருத்தரும் ஒண்ணியும் தர்ற மாதிரி தெரியலீங்க. அதான்."

பாத்திக்குச் சொன்ன அதே காரணம். அவர் தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு மாங்காயை எடுத்து என் டிபன் பாக்ஸ் மூடியில் வைக்கக் கையை நீட்டினார், பிறகு தயங்கி இழுத்துக்கொண்டார். "நீங்க அன்னிக்குப் பேசனதுலருந்து கை வர மாட்டேங்குதுங்க" என்றார்.

நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்று முன்பே சொன்னேன். பந்தியில் வாளிக்குக் காத்திருந்த பெண் நான். ஐம்பது வயதைத் தாண்டி, புங்க மரத்தடியில் உட்கார்ந்து, வார்த்தையைத் தேடினேன். இருப்பதே இரண்டு வார்த்தைதான்.

"எனக்கு வேணும்ங்க" என்றேன். "நாளைக்கு வையுங்க."

அவர் மாங்காயை என் மூடியில் வைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் என்ன சொல்வார் என்று பார்த்தேன்.

"நாளைக்கு எப்பிடிங்க? சனி, ஞாயிறு எங்களுக்கு வேல இல்லீங்களே" என்றார். "திங்கக்கெழம வெக்கறேன்."

சரி என்றேன். இரண்டு நாள்தானே, இருந்துவிடலாம்.